காலி நாற்காலிகளுக்கு முன்னால் மொழியம்மா

செய்தி வந்தபோது நான் தென்காசியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தேன். கடைக்காரர் என் முகத்தில் கனத்த சட்டத்தை மாட்டி, எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். செல்பேசியில் முருகையா. எங்கள் பூங்காவில் ராட்டினம் ஓட்டுபவர்.

“சார், மொழியக்கா போயிட்டாவ.”

“எங்கே?” என்று கேட்டுவிட்டேன்.

“எங்கன போவாவ சார். காலைலதான். வீட்டுலதான் கெடத்திருக்கு, வாங்க” என்றார்.

கடைக்காரர், “அடுத்த வரி” என்றார். படித்தேன். அதை ஏன் படித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. எழுந்து போவதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு அவரைத் தெரியும், ஆனால் முகம் தெரியாது. குற்றாலம் சாலையில் இருக்கும் எங்கள் நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு ஒருமுறையேனும் வந்தவர்கள் அவர் குரலைக் கேட்டிருப்பார்கள். அலைக்குளத்தில் அலை வரப்போகிறது, சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன குரல். சாயங்காலம் பூங்கா மூடும்போது, செருப்பை மறந்துவிட்டுப் போகாதீர்கள் என்று சொன்ன குரல். முழுப்பெயர் குழல்வாய்மொழி, குற்றாலத்து அம்மனின் பெயர். கூப்பிடச் சோம்பல்பட்டு எல்லோரும் மொழியக்கா என்றார்கள். நான் மொழியம்மா என்றேன். பூங்கா திறந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை நான் அங்கே நிர்வாக அலுவலராக இருந்தேன். அவர் அறிவிப்பாளர். அவர் வாசிக்க வேண்டியவற்றை எழுதிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று.

நான் எழுதிக் கொடுத்ததை அவர் ஒருநாளும் அப்படியே வாசித்ததில்லை. முதல் சீசனிலேயே அது தெரிந்துவிட்டது. ஐந்து வயதுப் பையன் ஒருவன் கூட்டத்தில் தனியாக நின்று அழுதான். காவலாளி தூக்கிக்கொண்டு வந்தார். நான் உடனே எழுதினேன்: ‘நீல நிறச் சட்டை அணிந்த, ஏறத்தாழ ஐந்து வயது மதிக்கத்தக்க ஆண் குழந்தை கண்டெடுக்கப்பட்டுள்ளது.’ மொழியம்மா அதைப் பார்த்துவிட்டு, “கண்டெடுக்கதுக்கு இவன் என்ன மணிப்பர்சா சார்?” என்றார். பிறகு பையனை மடியில் உட்காரவைத்து, “ஏலே, யாரு தொலைஞ்சா?” என்று கேட்டார். அவன் விம்மிக்கொண்டே, “எங்கப்பாதான் தொலைஞ்சு போயிட்டாவ” என்றான்.

ஊரையும் அடையாளத்தையும் அவனிடம் கேட்டுக்கொண்டார். அடுத்த நொடி ஒலிபெருக்கியில் கேட்டது: “செங்கோட்டையிலிருந்து வந்த ஒரு அப்பா தொலைந்துவிட்டார். மீசை வைத்திருப்பார். அவரை அவருடைய மகன் அலுவலகத்தில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறான். அப்பா எங்கிருந்தாலும் பயப்படாமல் வரவும்.”

பூங்கா முழுவதும் சிரித்தது. அப்பா அரைக்கால் சட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்தார். பையன் அவரைப் பார்த்து, “எங்க போனிய, அப்பா?” என்று அதட்டினான். அன்று முதல் எங்கள் பூங்காவில் பிள்ளைகள் தொலைந்ததே இல்லை. பெற்றோர்கள்தான் தொலைந்தார்கள். கொல்லத்திலிருந்து வந்த ஒருவர் மட்டும், எங்கும் போகவில்லை, அலைக்குளத்தில்தான் நின்றேன் என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். நான் நடுங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன். மொழியம்மா உள்ளிருந்தபடியே, “எல்லாத் தொலைஞ்ச ஆளும் அப்பிடித்தான் சார் சொல்லும்” என்றார்.

அவருடைய அறை நுழைவுச்சீட்டுக் கொட்டகைக்கு மேல்மாடியில் இருந்தது. ஒரே ஒரு ஜன்னல். அது பூங்காவின் பக்கம் திறக்காது. தண்ணீர் சுத்திகரிக்கும் மோட்டார் கொட்டகையைப் பார்த்துத் திறக்கும். கட்டும்போது யாரும் யோசிக்கவில்லை. இடம் மாற்றலாமா என்று ஒருமுறை கேட்டேன். “மோட்டார் சத்தம் பழகிட்டு சார். ஆனா ஒண்ணு, நான் பேசுதத யாரு கேக்கான்னு ஒரு நாளாச்சும் கண்ணால பாக்கணும். இத்தன வருசமா ஒரு செவுத்துக்கிட்ட பேசிட்டிருக்கேன். அது பதில் சொல்ல மாட்டேங்கு” என்றார். சிரித்தபடிதான் சொன்னார். நானும் சிரித்தேன். இடம் மாற்றுவதற்கு மின்கம்பிகளைப் பிரிக்க வேண்டும், அது பெரிய வேலை என்று மின்பணியாளர் சொன்னதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

பூங்காவுக்கு வெள்ளிவிழா வந்தது. ஓய்வு பெற்றவர்களையும் விழாக் குழுவில் சேர்த்திருந்தார்கள். முதலாளி நல்ல மனிதர். மொழியம்மாவை மேடையேற்றிப் பேசவைப்பது என்பது அவர் யோசனைதான். “இத்தன வருசமா கேக்காவல்லா, இன்னைக்கு மூஞ்சியப் பாக்கட்டும்” என்றார். மொழியம்மாவின் முகம் எப்படி மலர்ந்தது என்பதை நான் பார்த்தேன். அவர் குரல் அப்போதே கம்மத் தொடங்கியிருந்தது. பனங்கற்கண்டு போட்டுக்கொண்டு சமாளித்தார். எல்லோரும் ஜலதோஷம் என்று நினைத்தோம்.

விழாவை ஆனி மாதக் கடைசி ஞாயிறு வைக்கலாம் என்று முதலில் முடிவாகியிருந்தது. எனக்கு அதில் ஒரு கவலை. ஆனி, ஆடி சாரல் சீசனில் அருவிகளில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால், குற்றாலத்துக்கு வந்த கூட்டம் அத்தனையும் எங்கள் பூங்காவுக்குத்தான் திரும்பும். மேடை போட நினைத்ததோ கார்கள் நிறுத்தும் திடலில். விருந்தினர், வந்த கூட்டம், மழை எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்தால் யாராவது கீழே விழுந்து மிதிபடுவார்கள். இதை நான் பலமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போய், கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். எழுந்து நின்று பேசுவது என் வழக்கமில்லை. ஆவணிக்குத் தள்ளிவைத்தே ஆகவேண்டும் என்றேன். ‘ஆகவேண்டும்’ என்ற சொல்லையும் நான் அதிகம் பயன்படுத்தியவன் அல்ல.

முதலாளி யோசித்தார். “சார் சொல்லுததுதான் சரி. ஆவணியிலே வச்சிருவோம்” என்றார்.

என் முறைப்படி, யாருக்காவது இதில் சிரமம் உண்டா என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டேன். மொழியம்மா கதவோரத்தில் உட்கார்ந்திருந்தார். இல்லை என்று தலையசைத்தார்.

வீட்டுக்கு வந்து, இன்று என் பேச்சு எடுபட்டது என்று மனைவியிடம் சொன்னேன். “நீங்களா? எந்திரிச்சு நின்னா?” என்று கேட்டாள். அன்று எனக்குச் சாப்பாடு ருசித்தது.

ஆனிக் கடைசி ஞாயிறு வந்தது. அருவியில் நூலளவு தண்ணீர். வெயில் அடித்தது, தென்றல் வீசியது. சாலையில் கூட்டமே இல்லை. விழா நடத்த அதைவிட நல்ல நாள் வாய்த்திருக்காது. அப்போதே எனக்கு மனசுக்குள் உறுத்தியது. ஆனாலும் எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

ஆவணி விழாவுக்குத் திடலை நிறைத்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வாழை மரம், வண்ண விளக்கு, சறுக்கு மரம் போலவே செய்த பெரிய கேக். பள்ளிப் பிள்ளைகள் ஆடினார்கள். காலையிலிருந்தே வானம் மூடியிருந்தது. மொழியம்மா மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒப்பிக்க வந்த பாடத்தை மறந்துவிட்ட பிள்ளை போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் சுடலைமுத்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“இது முடிஞ்சதும் நாளைக்கு விடிய திருநெல்வேலி போறோம் சார்” என்றார்.

“என்ன விசேஷம்?”

“உங்ககிட்ட சொல்லலியா அவ? தொண்டைல ஆபரேசன். கட்டி. குரல்வளையவே எடுக்கணும்னுட்டாவ. அதுக்குப் பொறவு பேச்சு கெடையாது.” அவர் கையிலிருந்த குடையைத் திருகிக்கொண்டே பேசினார். “ஆனி மாசம் விழா முடிஞ்ச மறுநாளுன்னு நாள் குறிச்சிருந்தோம். ஒரே ஒரு வாட்டி ஆளுவளப் பாத்துப் பேசிட்டு வந்து படுத்துக்கிடுதேன்னு டாக்டர்ட்ட அடம் புடிச்சா. விழாவ இவுக தள்ளுனாவ, அவளும் தள்ளிட்டா. நான் சத்தம் போட்டுப் பாத்தேன். கேட்டாத்தான. மழைக்குப் பயந்து தள்ளுனாவளாம். இப்பம் பாத்தியளா வானத்த?”

தள்ளியது நான்தான் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். வெறுமனே வானத்தைப் பார்த்தேன்.

மொழியம்மாவின் பெயரை அழைக்கவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது. சாரல் இல்லை. கொட்டு மழை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் எழுந்து ஓடினார்கள். உணவுக்கூடத்தின் தகரக் கூரையின் கீழும் நுழைவாயிலின் கீழும் நெருக்கியடித்து நின்றார்கள். மேடைக்கு முன்னால் நனைந்த நாற்காலிகள் மட்டும். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். மொழியம்மா கேட்கவில்லை. மேடையேறினார். சுடலைமுத்து பின்னாலேயே ஓடி அவர் தலைக்கு மேல் குடை பிடித்தார்.

அவர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். மழைத் திரைக்கு அப்பால் எதுவும் தெரிந்திருக்காது. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, கம்மிய குரலில் சொன்னார்: “ஒரு முக்கிய அறிவிப்பு. இங்கே உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் அனைவரும் தொலைந்துவிட்டார்கள். அவர்களைப் பட்டுச் சேலை கட்டிய ஒரு பொம்பளை மேடையில் நின்று தேடிக்கொண்டிருக்கிறாள்.”

கூரைகளுக்கு அடியிலிருந்து விசிலும் கைதட்டலும் எழுந்தன. சிலர் அழுததையும் நான் பார்த்தேன். கூட்டத்தோடு ஓடி உணவுக்கூடத்தில் நின்றிருந்த எனக்கு, விளக்குப் போட்ட மேடையும் தெரிந்தது, பக்கத்து முகங்களும் தெரிந்தன. மேடையில் நின்றிருந்தவருக்கு மழைச் சத்தத்தில் கைதட்டல் கேட்டதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு நன்றி சொன்னார், செருப்பை மறந்துவிட்டுப் போகாதீர்கள் என்றார், இறங்கிவிட்டார்.

மேடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நின்று துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

“அன்று கூட்டத்தில் எல்லோரிடமும் கேட்டேனே, மொழியம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

அவர் சுடலைமுத்துவை ஒரு முறை முறைத்தார். “ஒளறிட்டியளா?” என்றார். சுடலைமுத்து குடையை விரித்துக்கொண்டு வெளியே நழுவினார். பிறகு மொழியம்மா என் பக்கம் திரும்பினார்.

“இத்தன வருசத்துல ஒரு காரியத்த இப்பிடித்தான் செய்யணும்னு நீங்க சொல்லி நான் கேட்டதில்ல சார். ஒவ்வொருத்தனும் அதட்டும்போது நீங்க ஒதுங்கிப் போவிய. அன்னைக்குத்தான் எந்திரிச்சு நின்னு பேசினிய. முதலாளியே சரின்னுட்டாரு. உங்க மூஞ்சியப் பாத்தேன். அதுல போயி நான் மண்ண அள்ளிப் போடவா?”

இவ்வளவையும் அவர் மூச்சு வாங்கி மூச்சு வாங்கித்தான் சொன்னார். என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு குத்துக்கல்வலசையில் இருக்கும் அவர் வீட்டுக்குப் பலமுறை போனேன். கழுத்தில் துணி சுற்றியிருப்பார். சைகையில் உட்காரச் சொல்வார், காப்பி கொடுப்பார். நான் ஊர்க்கதைகளைப் பேசுவேன். பதில் பேச முடியாத தம்மிடம் நான் பேசுவதை, சுவருக்கு அறிவிப்பு வாசிப்பதாக அவர் கையால் நடித்துக் காட்டிச் சிரிப்பார். சத்தம் வராத சிரிப்பு. அந்த விஷயத்தைப் பற்றி இருவருமே மறுபடி பேசவில்லை. கட்டி திரும்ப வந்துவிட்டது என்று சுடலைமுத்து ஒருநாள் வாசலில் வைத்துச் சொன்னார்.

துக்க வீட்டில் யாரோ ஒருவர் செல்பேசியில் அவருடைய பழைய அறிவிப்பை ஓடவிட்டார். அலை வரப்போகிறது என்று அந்தக் குரல் சொன்னது. “நிப்பாட்டுலே அத” என்று சுடலைமுத்து கத்தினார். பிறகு என்னைப் பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“டாக்டர்ட்ட கேட்டுட்டேன் சார். அப்பம் ஆவணிக்குத் தள்ளுனதுனால ஒண்ணும் ஆயிரலன்னுட்டாரு. முன்னாலயே செஞ்சிருந்தாலும் இப்பிடித்தான் ஆயிருக்குமாம். நீங்க சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்கிடாதிய.”

நான் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. தள்ளியது யார் என்று அவருக்கு எப்போது தெரிந்தது என்பதும் தெரியவில்லை. மருத்துவர் உண்மையாகவே அப்படிச் சொன்னாரா, அல்லது மனைவி எனக்குக் காட்டிய தயவை இவரும் காட்டினாரா? கேட்கத் துணிவில்லை. இனியும் கேட்க மாட்டேன்.

அவரை அறிந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஒன்றை வைத்திருப்பீர்கள். பெரும்பாலும் அது ஒரு குரலாக இருக்கும், ஒரு சிரிப்பாக இருக்கும். என்னிடம் இருப்பது வேறு. வாழ்நாளில் ஒருமுறை நான் உறுதியாகப் பேசினேன், அதை ஒருவர் தம் உயிரைவிடப் பெரிதாக மதித்துவிட்டார். அந்த மரியாதையை வைத்துக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. திருப்பிக் கொடுக்கலாம் என்றால், வாங்கிக்கொள்ள அவர் இல்லை.