சித்தி நின்று வாசித்த ஞாயிறு

என் சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவளை முதன்முதலாகப் பார்த்தது ஆம்பூரில் எங்கள் திருச்சபை மண்டபத்து மேடையில். அப்போது எனக்குப் பத்து வயது. அதே மேடையில், அவள் பக்கத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருந்தேன்.

சித்தி, அம்மாவின் தங்கை. தாத்தா இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். வாரம் முழுக்க ஷூ கம்பெனியில் தையல் மெஷின்; ஞாயிற்றுக்கிழமை சபையில் வயலின். அந்த வருடம் கம்பெனிக்குப் புது மாடல்கள் சொல்லித்தர அயர்லாந்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் தன் ஊர்க் கவிதைகளைச் சொல்வாராம். அந்த ஊர் வயலினைக் கைபேசியில் போட்டுக் காட்டுவாராம். சித்தி அதைக் காதிலேயே வாங்கி வந்து வீட்டில் வாசித்துப் பார்த்தாள். கீர்த்தனைக்குப் பழகிய கைக்கு அந்த இசை ஓட்டமாக இருந்தது. தப்பினால் முதலிலிருந்து. மறுபடியும் தப்பினால் மறுபடியும்.

"இன்னாம்மா, ஒரே பேஜாரா கீது. கொஞ்சம் கம்மியா வாசிக்கச் சொல்லேன்" என்று பக்கத்து பாய் வீட்டம்மா அம்மாவிடம் முறையிட்டார். சித்தி கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள்.

கடைசியில் சித்தியும் அயர்லாந்து அம்மாளுமாக ஒரு நிகழ்ச்சி நடத்துவது என்று முடிவானது. அந்த அம்மாள் கவிதை சொல்வார், அதை நான் தமிழில் சொல்வேன், சித்தி வாசிப்பாள். போதகரிடம் அர்த்தம் கேட்டுத் தமிழ் வரிகளை எழுதி, எனக்கு மனப்பாடம் ஆகும்வரை சித்தி விடவில்லை.

எல்லாம் ஏற்பாடான பிறகு பேரணாம்பட்டிலிருந்து செய்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதே ஞாயிறு மாலை வருகிறார்கள்.

"வேற நாள் வரச்சொல்லுக்கா."

"அவங்க சொல்ற நாள்லதான்டி பாக்கணும். உன் இஷ்டத்துக்கா வருவாங்க?"

"அப்ப மண்டபத்துக்கே கூட்டிகினு வா. பாக்கத்தானே வர்றாங்க?"

அம்மா அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துவிட்டாள். ஞாயிறு மாலை சித்தி, அம்மா சொன்னபடியெல்லாம் பட்டுப் புடவை கட்டி அலங்கரித்துக்கொண்டாள். பிறகு ஒரு கையில் வயலின் பெட்டியும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள்.

மண்டபம் பாதி நிறைந்திருந்தது. பெரும்பாலும் கம்பெனிப் பெண்கள். முதல் கவிதை மழையைப் பற்றியது. "மழையே, துணி காயவில்லை, பாதை தெரியவில்லை, போதும், வேறு ஊர் பார்த்துப் போ" என்று நான் சொன்னதும் ஒரே சிரிப்பு. "இங்க அனுப்பிவுடு தாயி!" என்று ஒரு குரல். பாலாற்றில் மணலையே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார். சித்தி வில்லை எடுத்ததும் சிரிப்பு அடங்கியது. கொஞ்ச நேரத்தில் கால்கள் தாளம் போட ஆரம்பித்தன.

அடுத்த கவிதையின் நடுவில் கதவு திறந்தது. கையில் பஜ்ஜித் தூக்கோடு அம்மா வந்தாள். அவள் பின்னால் மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும். மூவரும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். எனக்குச் சொல்ல வேண்டிய வரி மறந்துபோயிற்று. சித்தி அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதே மெட்டை முதலிலிருந்து வாசித்தாள். வரி வரவில்லை. இன்னொரு முறை வாசித்தாள். வரும்வரை விடமாட்டாள் என்று தெரிந்ததும் எனக்கு வந்துவிட்டது.

நிகழ்ச்சி முடிந்து பக்கத்து அறையில் பெண் பார்த்தல் நடந்தது. மாப்பிள்ளையின் தாயார் பஜ்ஜியைப் பிட்டபடி, "பொண்ணு லட்சணமாத்தான் கீது. சபையில ஒக்காந்து வாசிக்கட்டும், வேணாங்கல. மேடையில நின்னுகினு, காலால தட்டிகினு வாசிக்கறதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் கூடாது" என்றார்.

"நின்னாதாங்க இந்த வாசிப்பு வரும்" என்றாள் சித்தி. "விட மாட்டேங்க."

அம்மா அவள் முழங்கையைக் கிள்ளினாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்லும்மா" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

"யோசிச்சுட்டேங்க."

அவர்கள் பேருந்துக்குக் கிளம்பினார்கள். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். மானம் போச்சு, மரியாதை போச்சு என்று செத்துப்போன தாத்தாவரைக்கும் இழுத்தாள். சோறு போடும்போதும் நிறுத்தவில்லை.

"நின்னு வாசிக்கறவ பட்டுப் புடவையா கட்டுவா? வயலின் தோள்ல வழுக்குது, தாடையால முட்டுக் குடுக்கற. கீழ ஒக்காந்துகினு எனக்குத்தான் பதைக்குது. அடுத்த வாட்டி பருத்திப் புடவை கட்டிகினு போ!"

சித்தி தட்டின் மேல் குனிந்துகொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. திட்டு தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து, "போதும்மா, சித்திய விட்டுடும்மா" என்று நானும் சத்தமாக அழ ஆரம்பித்தேன்.