மகிமை பாடாதவர்

சுனாமிக்கு அடுத்த மாதம், முதுநகர் சர்ச்சில் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிக்க ஒல்லியான மீன்காரம்மா ஒருவர் எழுந்தார். கடல் அவர் மகனைக் கொண்டுபோயிருந்தது. போதகர் கொடுத்தது ஆறுதல் சங்கீதம். அந்தம்மா வாசித்ததோ எண்பத்தெட்டாவது, இருட்டிலேயே முடிந்துவிடுகிற புலம்பல்.

எந்தச் சங்கீதம் வாசித்தாலும் முடிவில் கடவுளுக்கு மகிமை பாடுவது எங்கள் வழக்கம். எல்லோரும் பாடினோம். அவர் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு, பீடத்தை முறைத்தபடி நின்றார். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான்.

"மகிமை பாட மாட்டீங்க, அப்புறம் எதுக்கும்மா சர்ச்சுக்கு வர்றீங்க?" என்று ஒருநாள் வாசலில் கேட்டுவிட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பதில் சொல்ல வேண்டியவரு இங்கதான இருக்காரு? வேற எங்க போயி கேக்கச் சொல்ற?"

மறு ஞாயிறு, மகிமை பாடாமல் நின்றவர்கள் இரண்டு பேர்.