ஜன்னலோரம் உதிர்ந்து கிடந்த இறக்கைகள்

பூச்சி மருந்து அடிக்கும் வேலையில் நான் தனியாகப் போன முதல் வீடு கோவில்பதாகையில். அங்கே ஒரு பெரிய தப்பு செய்யப் பார்த்தேன், பிள்ளைகளே.

ஜாப் கார்டில் ‘பறக்கும் பூச்சி’ என்று இருந்தது. வீட்டுக்காரர் ஏகாம்பரம் ஜன்னலோரத்தைக் காட்டினார். முந்தின நாள் நல்ல மழை. அங்கே இறக்கைகள் குவியலாக உதிர்ந்து கிடந்தன.

“பாரு நைனா, ரெக்கையா கொட்டிக் கீது. எல்லாம் இவ தொட்டில வளக்கிற பூச்சிதான். அதுல மருந்த ஊத்து.”

‘இவ’ என்றது அவர் மனைவி வசந்தா அக்காவை. பின்பக்கம் சிமென்ட் தொட்டியில் அல்லி வளர்த்திருந்தார். அதைச் சுற்றி நூல் போன்ற நீல உடம்போடு ஊசித்தட்டான்கள்.

“ஆசையா வச்ச தொட்டி தம்பி. மருந்து வுட்டா மீனுகூட மிஞ்சாது,” என்றார் அக்கா.

“ஊடு பூரா பூச்சி. இதுல பூ ஒரு கேடு.”

கார்டில் உள்ளதைச் செய், கையெழுத்து வாங்கு, கிளம்பு. சூப்பர்வைசர் சொல்லித் தந்தது அவ்வளவுதான். நானும் எதையும் சோதிக்காமல் மருந்தைக் கலந்துவிட்டேன்.

தொட்டியருகே போனபோது ஒரு தட்டான் தண்டில் உட்கார்ந்தது. நான்கு இறக்கையையும் முதுகுமேல் ஒன்றாக மடித்துக்கொண்டது. ஒவ்வொரு நுனியிலும் சின்னக் கறுப்புப் புள்ளி. ஜன்னலில் கிடந்தவற்றில் புள்ளி பார்த்த ஞாபகம் இல்லை.

ஸ்ப்ரேயரை இறக்கி வைத்துவிட்டுப் போய் ஓர் இறக்கையை எடுத்துப் பார்த்தேன். புள்ளி இல்லை. ஈசலுடையது. ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான்தான். ஒருமுறை பறந்துவிட்டுத் தானே இறக்கையை உதிர்த்துவிடும். தட்டான் அப்படி உதிர்க்காது.

ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஜன்னல் சட்டத்தைத் தட்டினேன். காலிப் பெட்டிச் சத்தம். முனையால் லேசாகக் குத்தியதும் உள்ளே போய்விட்டது. வெள்ளை வெள்ளையாகக் கரையான்.

“பெயின்ட் அடிச்சு ஆறு மாசம்தான்யா ஆவுது,” என்றார் ஏகாம்பரம், குரல் இறங்கி.

“தின்னது உள்ள ஒளிஞ்சிகினு கீது. பழி மட்டும் என் தொட்டி மேல,” என்றார் அக்கா.

நான் போன் செய்து சொன்னதும், சூப்பர்வைசர் திட்டிவிட்டுத்தான் கார்டில் ‘கரையான்’ என்று மாற்றினார். மறுநாள் சுவரடியில் அடிக்கு ஒரு துளையாக டிரில் போட்டு, மருந்து ஏற்றி, வெள்ளைச் சிமென்ட்டால் அடைத்தேன். தொட்டியில் ஒரு சொட்டு விழவில்லை. அதில்தான் தட்டான் குஞ்சுகள் கொசுப்புழுவைத் தின்று வளர்ந்துகொண்டிருந்தன.

இன்றுவரை தட்டிப் பார்க்காமல் நான் மருந்து மூடியைத் திறந்ததில்லை. நம் மாடி பக்கெட்டில் உள்ள அல்லி, அன்று அக்கா கொடுத்த கிழங்கு. அதில் நீலமாக ஒன்று வந்து உட்கார்ந்தால் விரட்டாதீர்கள். கிட்டப் போய் இறக்கை நுனியைப் பாருங்கள்.