அண்ட் சன்ஸ்

"பழைய வண்டியில இருந்த மாதிரியே அப்பா பேரு, கீழே 'அண்ட் சன்ஸ்'. அவ்வளவுதான்க்கா," என்றான் தம்பி. ஹவுரா ஸ்டிக்கர் கடையில் எங்கள் புது மாவு வண்டிக்கான எழுத்துகள் திரையில் தயாராகிக்கொண்டிருந்தன. ஸ்டிக்கர் பசையின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

லேக் மார்க்கெட் வீட்டு வாசலில் அப்பாவின் முதல் வண்டி நின்றது. அரிசி ஊறவைத்து, அரைத்து, பாக்கெட் போட்டதெல்லாம் அம்மா. அப்பா வண்டி ஓட்டினார். 'சன்ஸ்' எனப்பட்டவன் தொட்டிலில் கிடந்தான்.

"அம்மா பேரு எங்கேப்பா?" என்றேன்.

"மாவு வண்டிக்கு அவ பேரு எதுக்குடி?" என்று சிரித்தார்.

மழையில் 'சன்ஸ்' உரிந்து தொங்கும்போதெல்லாம் அம்மாதான் மாவுக் கையைக் கழுவிவிட்டு, மைதாப் பசை காய்ச்சி ஒட்டுவாள். 

"தீதீ, ஃபைனல்?" என்று திரையைக் காட்டி என்னிடம் கேட்டார் கடைக்காரர்.

அம்மா பேர் மட்டும் போதும், பெரிதாகப் போடுங்கள் என்று வங்க மொழியில் சொன்னேன்.

"அப்பா பேருக்கு என்னக்கா குறைச்சல்?" என்றான் தம்பி.

"ஒரு குறைச்சலும் இல்லடா. அவரோ நீயோ ஒரே ஒரு நாள் அரிசி களைஞ்சிருந்தா சொல்லு, போடச் சொல்றேன்."