கோர்பின் வீட்டுப் படத்தில் நான்கு கைகள்

இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி ஊரில் எந்தப் பெரிய வீட்டுச் சீமாட்டியின் படத்தைப் பார்த்தாலும் முகம் அந்தச் சீமாட்டியுடையதாக இருக்கும், கைகள் டாமரிஸ் பெல்லிங்குடையவையாக இருக்கும். முகத்துக்காக இரண்டு தடவை வந்து உட்காருவதற்குள்ளேயே அவர்களுக்குப் பொறுமை போய்விடும். அதற்குப் பிறகு பட்டு உடுப்பை மட்டும் வேலைக்காரியிடம் கொடுத்தனுப்புவார்கள். டாமரிஸ் அதை உடுத்திக்கொண்டு வடக்கு ஜன்னலோரம் உட்காருவாள், அவளுடைய தம்பி ஜெர்வாஸ் மடிப்புகளையும் விரல்களையும் அவளைப் பார்த்து வரைவான். வேலை முடிந்ததும் ஒரு துளி எண்ணெய் படாமல், சரிகையில் ஒரு நூல் பிரியாமல், உடுப்பை மடித்துத் திருப்பி அனுப்புவது அவள் பொறுப்பு. வர்ணம் அரைப்பதும் துணிக்குப் பசை பூசிக் காயவைப்பதும்கூட அவள்தான்.

அவர்களுடைய அப்பா சத்திரங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். ஒரு தடவை 'சிவப்புச் சிங்கம்' சத்திரத்துப் பலகையைச் சின்னவனிடம் முடிக்கக் கொடுத்தார். பலகை மேலே ஏறிய பிறகுதான் சிங்கத்துக்குச் சத்திரக்காரரின் முகம் வந்திருப்பது தெரிந்தது. ஊரே வந்து பார்த்துச் சிரித்தது. வந்தவர்கள் சும்மா போகாமல் ஆளுக்கொரு குவளை குடித்துவிட்டுப் போனதால் சத்திரக்காரர் பலகையை இறக்கவேயில்லை. இவனைச் சுவருக்கு வெள்ளையடிக்க வைப்பது பாவம் என்று அப்பாவிடம் முதலில் சொன்னவள் டாமரிஸ்தான். அவனை லண்டனுக்கு அனுப்பி, முகம் வரைகிற ஒருவரிடம் தொழில் பழக வைத்தார்கள்.

பழகி முடித்ததும் அங்கேயே இருக்கச் சொல்லி அந்த எஜமானர் கேட்டார். இவன் ஊருக்குத் திரும்பிவிட்டான்.

"அங்க எல்லாப் பொம்பளைங்களுக்கும் ராஜாவோட அரண்மனையில இருக்கிறவங்க மாதிரி தூக்கம் வழியிற கண்ணுதான் வேணுமாம், அக்கா. அந்த ஒரே முகத்தை எத்தனை தடவை வரையறது?"

"இங்க மட்டும் வேற கண்ணு கிடைக்குமா?"

"இங்க இருக்கிறவங்களுக்கு அவங்க மூக்கு வேணும். அவங்கவங்க அப்பாகிட்டயிருந்து வந்த மூக்காச்சே."

அப்படி அவன் வரைந்த முகங்களில் சிறந்தது பண்ணையார் ஆம்ப்ரோஸ் கோர்பினின் மனைவி ஃபிலிப்பாவுடையது. டாமரிஸ் எல்லாப் படத்தையும் பார்த்தவள், தம்பியே என்றாலும் சுமாரானதைச் சுமார் என்றுதான் சொல்வாள். இந்தப் படத்தை மட்டும் அடிக்கடி எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மூடித்தான் இருக்கிறது, ஆனால் அடுத்த நொடி சிரித்துவிடுவாள் போலிருக்கும். படம் வீட்டுக்குப் போன மறுவருடம் ஃபிலிப்பா காய்ச்சலில் போய்விட்டாள்.

பண்ணையார் இரண்டாவதாக லெட்டிஸ் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். ஒருநாள் அந்தப் படத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"பெல்லிங், முகத்தை மட்டும் லெட்டிஸ் முகமா மாத்திக் கொடுத்துடு. உடுப்பு, நாற்காலி எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

அவர் கல்மனசுக்காரர் இல்லை. கணப்புக்கு மேலே இருந்த இடத்துக்கென்றே செதுக்கிய சட்டம் அது, இன்னொன்று மாட்ட அங்கே இடமில்லை. பழைய மனைவியின் படத்தைப் பரணில் போடவும் அவருக்கு மனசு வரவில்லை. ஊரில் இதற்கு முன்னால் இப்படிச் செய்தவர்களும் உண்டு. ஜெர்வாஸ் "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டான்.

அவர் போனதும் டாமரிஸ் பிடித்துக்கொண்டாள். "முடியாதுன்னு சொல்றதுக்கு வாய் வரலையா?"

"நம்மகிட்ட படம் வரைஞ்சுக்கறவங்கள்ல பாதிப் பேர் அவருக்குச் சொந்தம். அவரைப் பகைச்சா நான் மறுபடி சிங்கம் எழுதப் போகவேண்டியதுதான்."

"போயேன். அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"விளையாடாத, அக்கா. இந்த மாதிரி முகம் இனிமே எனக்கு வரப்போறதில்ல. அது எனக்கும் தெரியும்." அதோடு கத்தியைத் தீட்ட உட்கார்ந்தான். பழைய வர்ணத்தைச் சுரண்டினால்தான் புது முகம் நிற்கும். அன்றும் சுரண்டவில்லை, மறுநாளும் சுரண்டவில்லை. கத்தி மட்டும் கூராகிக்கொண்டே போனது.

லெட்டிஸ் வந்து உட்காரவேண்டிய நாள் வந்தது. வருகிறவர்கள் கண்ணில் படாமல் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். எதையும் மறக்காத டாமரிஸ், அன்று நாற்காலியைத் துடைத்தாள், ஜன்னல் திரையை ஒதுக்கினாள், படத்தை மட்டும் திருப்பவில்லை.

கணவரோடு உள்ளே வந்த லெட்டிஸ் நேரே அதன் முன்னால் போய் நின்றாள்.

"இவங்கதானா அவங்க? வீட்டுல யாரும் பேச்சே எடுக்கிறதில்ல. அழுமூஞ்சியா இருந்திருப்பாங்கன்னு நினைச்சேன்."

"ஐயோ, இல்லம்மா," என்றாள் டாமரிஸ். "என் தம்பி மூக்குல பச்சை வர்ணம் அப்பியிருந்துச்சு. அவங்க அதைச் சொல்லவும் இல்ல, சிரிக்கவும் இல்ல, அடக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க."

"இன்னைக்கும் இருக்கு, மஞ்சள்," என்றாள் லெட்டிஸ். ஜெர்வாஸ் அவசரமாக மூக்கைத் துடைத்ததில் அது கன்னத்துக்குப் போயிற்று. அவள் அடக்கவில்லை, சிரித்துவிட்டாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "இந்த முகத்தை அழிச்சுட்டு நான் அங்க உட்காரமாட்டேன்."

"மாட்ட வேற இடம் இல்லம்மா."

"கோயில்ல கல்லறை மேல உங்க தாத்தா கல்லுச் சிலையா எப்படிப் படுத்திருக்கார்?"

பண்ணையாருக்குச் சட்டென்று விளங்கவில்லை. "கையைக் கூப்பிக்கிட்டு, மல்லாக்க."

"தனியாவா?"

"நடுவுல. ரெண்டு பக்கமும் ரெண்டு பாட்டிங்க."

"சண்டை போட்டுக்கறாங்களா?"

அவர் தாடையைத் தடவினார். "கோயில்ல சரி. வீட்டுல மாட்டினா பாக்கறவங்க சிரிப்பாங்களே."

"உங்களுக்கு என் வயசுப் பொண்ணு எதுக்குன்னு ஏற்கனவே சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க."

ஜெர்வாஸ் அதற்குள் சுண்ணாம்புக் கட்டியோடு படத்தருகே போயிருந்தான். ஃபிலிப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பழுப்புத் திரை தொங்கியது, இடத்தை நிரப்புவதற்காக அவன் போட்டது. "இதை எடுத்துட்டா ஒருத்தர் தாராளமா நிக்கலாம், ஐயா. சட்டமும் அதேதான்."

சட்டமும் அதேதான் என்றதும் பண்ணையார் முகம் தெளிந்தது.

லெட்டிஸ் முகத்துக்கு இரண்டு தடவை வந்தாள். பிறகு அவளுடைய நீலப் பட்டு வந்தது. அவள் ஒல்லி. டாமரிஸுக்கு முதுகில் நாடா எட்டவேயில்லை. திறந்த முதுகில் காற்றடிக்க, தான் ஒருகாலத்தில் ஃபிலிப்பாவின் உடுப்பில் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியின் சாய்மானத்தில் கைவைத்து நின்றாள்.

"விரல் தடிச்சுப்போச்சு, அக்கா."

"உனக்கு வர்ணம் அரைச்சுத்தான் தடிச்சுது. அவங்களுக்கு மெல்லிசா வேணும்னா மெல்லிசா வரை."

அவன் உள்ளதைத்தான் வரைந்தான்.

படம் பழைய இடத்துக்கே ஏறியது. அன்றைய விருந்துக்குப் பெல்லிங் வீட்டு இருவரையும் லெட்டிஸ் கூப்பிட்டிருந்தாள். ஆட்டிறைச்சிப் பணியாரத்தோடு டாமரிஸ் ஓரமாக நின்று பார்த்தாள். ஃபிலிப்பா அப்படியே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற லெட்டிஸ் அந்தச் சிரிப்பின் காரணம் தெரிந்தவள்போல இருந்தாள். இரண்டாவது முகமும் முதலாவதற்குக் குறைந்ததில்லை என்று டாமரிஸ் மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். தம்பி கணக்குத் தப்பியதில் அவளுக்குப் பரம சந்தோஷம்.

ஹியர்ஃபோர்டிலிருந்து வந்திருந்த பண்ணையாரின் அத்தை ஒருத்தி படத்தைக் கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள்.

"ஆம்ப்ரோஸ் எதைப் பார்த்து இவளைக் கட்டினான்னு இப்பத்தான் புரியுது. முகத்தை விடு, கையைப் பாரு. அச்சு அசல் மூத்தவளோட கை."

ஜெர்வாஸுக்குப் புரையேறியது. டாமரிஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டாள்.