பக்கம் பதினான்கு

வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம். அம்மா எப்போதும் இந்த இடத்தில்தான் தவறுவாள்.

"பச்சையும் பச்சையும் பக்கத்துல பக்கத்துல இருந்தா என்னவாம்? நீலம் எதுக்குடா நடுவுல வந்து உட்காருது?"

"அதை வெச்சவனைத்தான் கேட்கணும்மா."

"கூப்பிடு அவனை. கேட்டுடறேன்."

அம்மா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக் கணினி அறையின் தரையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மசெலினோ அன்று காலைக் கப்பலில்தான் அப்பியாவிலிருந்து சவாயீத் தீவுக்கு வந்திருந்தான். தலைநகரில் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் அவனுக்கு நெட்வொர்க் வேலை. அம்மாவின் மடியில் கேபிள் சுருள். பக்கத்தில் ஆறிப்போன கோகோ, எண்ணெய் ஊறிய காகிதத்தில் பனிகேகே என்ற பொரித்த மாவு உருண்டைகள். அவள் எட்டுக் கம்பிகளையும் நிறம் பார்த்து வரிசையாக அடுக்கி, நுனியை வெட்டி, கனெக்டருக்குள் தள்ளிக் கொடுத்தாள். அவன் இடுக்கியால் அழுத்தினான். சோதனைப் பெட்டியில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எட்டு வரை ஓடின. அம்மா கைதட்டினாள். கடைசிக் கனெக்டர் அது.

கேபிள், தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் பள்ளிக்கு. அங்கே உலிசெசே என்று ஒரு கணினி ஆசிரியர். அவருடைய அறைக்குப் புதுக் கணினிகள் நன்கொடையாக வந்திருந்தன. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பிகள் வரவில்லை. கணினி கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மா சுருளில் வெள்ளை டேப் ஒட்டி 'உலிசெசே' என்று எழுதினாள்.

"திங்கக்கிழமை பஸ்ல நானே கொண்டு போறேன்."

"அவ்வளவு தூரமா? டிரைவர்கிட்ட குடுத்து விடும்மா. இறக்கி வெச்சிடுவார்."

"இறக்கி வெச்சா? உலிசெசே அதை எங்க மாட்டுவார், கழுத்துலயா? கூட உட்கார்ந்து மாட்டிக் காட்டணும்டா."

அவன் மாலைக் கப்பலில் திரும்பிவிட்டான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து, வெள்ளை உடுப்புகூட மாற்றாமல் சமையல் கொட்டகையில் சேப்பங்கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ரத்த அழுத்தம். மசெலினோவுக்கு அடுத்த கப்பல் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மா சினிவா தட்டச்சு ஆசிரியையாகத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். தட்டச்சு இயந்திரங்கள் போய்க் கணினிகள் வந்தபோது தலைமையாசிரியர் கலோலோ அவளைக் கூப்பிட்டு, "உங்களுக்குத்தான் விரல் பழக்கம் இருக்கே, இதையும் நீங்களே பார்த்துக்குங்க" என்றார். பார்த்துக்கொண்டாள். கடிதம் அடிக்கச் சொல்லிக் கொடுத்தாள், அட்டவணை போடச் சொல்லிக் கொடுத்தாள். பிறகு பாடத்திட்டம் மாறியது. இனிமேல் பிள்ளைகள் நிரல் எழுத வேண்டும். நிரல் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் பயிற்சி உண்டு, நீல அடிவானம் என்று ஒரு திட்டம் நடத்துகிறது என்றார்கள்.

பயிற்சி அப்பியாவில், கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில். இரண்டே நாள். ஜெபம், வரவேற்புரை, பதிலுரை, தேநீர் எல்லாம் முடிய முதல் நாளில் பாதி போயிற்று. பிரெண்டன் என்ற பயிற்சியாளர் மெல்போர்னிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். திரையில் பக்கம் பக்கமாகத் தள்ளினார். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும், "ஏதாவது கேள்வி?" என்றார்.

யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். கடல் தாண்டி வந்த விருந்தாளியிடம் கேள்வி கேட்பதும், நீங்கள் சொன்னது எனக்கு எட்டவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்வதும் ஒன்றுதான். பந்தியில் உட்கார்ந்துகொண்டு சோறு வேகவில்லை என்று கத்துகிற மாதிரி. எல்லோரும் தலையசைத்தார்கள், கைதட்டினார்கள். கடைசியில் கொடுத்த தாளில் 'மிக நன்று' என்ற கட்டத்தில் எல்லோரும் குறி போட்டார்கள். சினிவாவும் போட்டாள். எல்லோருக்கும் பை கொடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள்.

ஊருக்குத் திரும்பி, திரையில் பார்த்து எழுதிக்கொண்டதைக் கரும்பலகையில் அப்படியே எழுதிப் போட்டாள். பிள்ளைகள் அதை வேதாகம வசனம் மாதிரி மனப்பாடம் செய்தார்கள். தேர்வில் நிரல் எழுதச் சொன்ன கேள்விக்கு அதையே எழுதினார்கள். கடைசி வரியாக 'பக்கம் 14' என்றும் எழுதினார்கள். திரையின் ஓரத்தில் இருந்த பக்க எண் அது. அவளுடைய பிள்ளைகள் மட்டுமல்ல. தீவுக்குத் தீவு, பள்ளிக்குப் பள்ளி, அந்தப் பயிற்சிக்குப் போன ஆசிரியர்களின் பிள்ளைகள் எல்லோருமே நிரலின் கடைசி வரியில் பக்கம் பதினான்கு என்று எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் பூஜ்யம்.

ஒரு திட்டத்துக்கு இதைவிடத் தெளிவாக வேறு என்ன சேதி வேண்டும்? யாருக்கும் ஒன்றும் புரியவில்லை என்று ஒரு நாட்டுப் பிள்ளைகள் மொத்தமும் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நீல அடிவானத்தின் அறிக்கை வேறு தாளைப் பார்த்து எழுதப்பட்டது. பயிற்சி 'மிக நன்று'. மாணவர்களின் உழைப்பு போதாது.

அந்த வரியைப் படித்த அன்று அம்மா தொலைபேசியில் அழவில்லை. "என் பிள்ளைங்க ராத்திரி பகலா உட்கார்ந்து நெட்டுருப் போட்டுதுங்கடா. உழைக்கலையாம். யாரைப் பார்த்துச் சொல்றான்?" என்றாள்.

அடுத்த ஆண்டும் அதே ஹோட்டல், அதே ஜெபம், அதே பிரெண்டன். "ஏதாவது கேள்வி?" என்றபோது சினிவா எழுந்து நின்றாள்.

"எனக்குப் புரியலை சார்."

பிரெண்டனுக்குச் சந்தோஷம். "ஓ, எந்தப் பக்கம்?"

"முதல் பக்கத்துலேர்ந்து. போன வருஷமும் புரியலை. இங்க உட்கார்ந்திருக்கிற யாருக்கும் புரியலை. நாங்க மரியாதைக்குத் தலையாட்டறோம். உங்க மேல தப்பில்லை, நீங்க ரெண்டு நாள்ல போகணும். எங்க ஊருக்கு வாங்க. எங்க அறையில, எங்க மெஷின்ல, எங்க பேச்சுல ஒரு மாசம் இருந்து சொல்லிக் குடுங்க. கிழங்கும் மீனும் நான் ஆக்கிப் போடறேன்."

யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. உலிசெசே தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டத்தின் அதிகாரி இயெரெமியா எழுந்து, டீச்சருக்குக் கப்பல் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றார். எல்லோரும் நன்றியோடு சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் பெயர் பயிற்சிப் பட்டியலில் வரவில்லை. கலோலோ அவளைக் கூப்பிட்டு, "விருந்தாளி முன்னாடி நம்ம ஸ்கூல் துணியை உருவிட்டீங்களே, டீச்சர்" என்றார். கோயிலில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை உலிசெசே மேற்குக் கோடியிலிருந்து பஸ் ஏறி வந்து கணினி அறை வாசலில் நின்றார்.

"டீச்சர், எனக்கும் புரியலை."

"அதை அங்க சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வரலை."

"சரி, உள்ள வாங்க. நின்னுக்கிட்டே புரியாம இருக்க வேண்டாம், உட்கார்ந்து புரியாம இருக்கலாம்."

அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர். பிறகு தீவின் எல்லாப் பக்கத்திலிருந்தும். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதல்ல. அவர்களில் சிலருக்கு அவளைவிட அதிகம் தெரியும். ஆனால் அவள் எதிரே முழிப்பதில் யாருக்கும் வெட்கம் இல்லை. தனக்குத் தெரியாது என்று ஊரறியச் சொன்னவள் அவள் ஒருத்திதானே. கூடிப் படித்தார்கள், சண்டை போட்டார்கள், ஒரு மாதம் முழுக்க ஒன்றைத் தப்பாகவே நம்பி எல்லாப் பள்ளியிலும் தப்பாகவே கற்பித்துவிட்டு, வெட்கப்பட்டுத் திருத்தினார்கள். முடிச்சு அவிழாதபோது மசெலினோவுக்குத் தொலைபேசி வரும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

அந்த ஆண்டு தேர்வில் அவள் மாணவி ஒருத்தி கிலிகிட்டி என்ற ஊர்க் கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஓட்டம் எண்ணும் நிரல் எழுதினாள். ஆள் அவுட்டானால் எடுத்த ஓட்டமும் குறைந்தது. "தப்பாத்தான் ஓடுது, ஆனா இது அவளோட தப்புடா! பக்கம் பதினாலோட தப்பு இல்லை!" என்று அம்மா கூவினாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு அவன் கேட்டதில்லை.

சாவு வீட்டுக்கு இயெரெமியா வந்தார். நியூசிலாந்திலிருந்து உறவினர்கள் வந்து சேரக் காத்திருந்ததால் அடக்கம் தள்ளிப்போய் அன்றுதான் நடக்க இருந்தது. வீடு நிறைய, மரியாதைக்கும் மன்னிப்புக்கும் கொடுக்கிற மெல்லிய பாய்கள், பேச்சுக்கு மேல் பேச்சு. ஆசிரியர்கள் ஒரு பக்கமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மசெலினோ கலோலோவுக்குப் பக்கத்தில். அம்மாவின் அண்ணன் செஃபோ, குடும்பத்தின் பேச்சாளர், கையில் கோலோடு வாசல் தூணருகே இருந்தார்.

இயெரெமியா நன்றாகப் பேசினார். "எங்க திட்டம் ஏத்தின விளக்கு சினிவா டீச்சர். எங்க பயிற்சியிலேர்ந்து முளைச்சதுதான் அந்தச் சனிக்கிழமை வகுப்பு. அடுத்த மாசம் அந்தக் கணினி அறைக்கு அவங்க பேரையே வைக்கப் போறோம். திறப்பு விழா வரைக்கும் அறையைப் பூட்டி வெச்சு வர்ணம் அடிக்கிறோம். அதுக்கப்புறம் சனிக்கிழமையெல்லாம் தேவையில்லை. பயிற்சி முழுக்க அப்பியாவுலயே, அதே ஹோட்டல்ல. ஆசிரியர்களுக்கும் சம்மதம்தானே?"

ஆசிரியர்கள் தலையசைத்தார்கள். உலிசெசேயும்.

செத்துக் கிடக்கிறவளின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு தலையசைக்கிறார்கள். மசெலினோ எழுந்தான்.

"எங்கம்மா உங்க பயிற்சி புரியலைன்னு சொன்னாங்க. அதுக்குத்தான் பட்டியல்லேர்ந்து அவங்க பேரை எடுத்தீங்க. இப்ப அதே பேரைக் கதவுல எழுதப் போறீங்களா?"

"மசெலினோ, உட்காரு" என்றார் செஃபோ.

"பக்கம் பதினாலுக்கு யார் பேரை எழுதுவீங்க, சார்?"

"உட்காருடான்னு சொல்றேன்!"

இயெரெமியா வருத்தத்தோடு தலையைக் குனிந்தார். அவர் அப்படிக் குனிந்ததே போதுமாக இருந்தது. விருந்தாளி அவமானப்பட்டுவிட்டார். செஃபோ கோலை ஊன்றி எழுந்து, அழகான, நீண்ட, பழைய சொற்களில் பையனின் துக்கத்தை மன்னிக்கும்படி கேட்டார். பிறகு கைகாட்டினார். பெண்கள் உள்ளேயிருந்து குடும்பத்தின் பெரிய பாயை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அம்மாவின் அம்மா வருடக்கணக்காக முடைந்தது. அம்மா கல்யாணத்துக்கு விரித்தது. சிவப்பு இறகு விளிம்பு, பட்டு மாதிரி நெளிந்தது. அது இயெரெமியாவின் காலடியில் மடிந்து விழுந்தது. அம்மாவின் கைப்பையிலிருந்து கணினி அறைச் சாவியை எடுத்து அதன் மேல் வைத்ததும் மாமாவேதான்.

"குடும்பத்தோட கௌரவம்டா" என்று பிறகு சொன்னார். "உங்கம்மா கூட்டத்துல எழுந்தப்பவும் இதே ஆளுக்கு நான்தான் ஒரு பாய் கொண்டு போனேன். அவகிட்ட சொல்லலை."

மசெலினோ பின்பக்கம் போனான். சமையல் கொட்டகையில் பன்றி இறைச்சியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். உலிசெசே பலாமரத்தடியில் தனியாக நின்றிருந்தார்.

"தம்பி... சனிக்கிழமை இருக்குமா?"

"உள்ள கேட்டாரே, அப்ப வாயைத் திறந்திருக்கலாமே. தலையை மட்டும் நல்லா ஆட்டத் தெரியுது."

"உங்கம்மாவால முடிஞ்சுது. எனக்கு வரலை."

"இருக்காது. சாவி போயிடுச்சு. பார்த்தீங்கல்ல?"

உலிசெசே செருப்பைப் பார்த்தார். நிமிர்ந்தார். "என் ஸ்கூல் அறைச் சாவி என்கிட்டதான் இருக்கு. அது யாருக்கும் ஞாபகம் இல்லாத ஸ்கூல், யாரும் வந்து கேட்க மாட்டாங்க. எல்லாரும் அங்க வந்துடுவாங்க, நான் பேசிட்டேன். ஆனா மெஷின் ஒண்ணோட ஒண்ணு சேரலை. டீச்சர் ஏதோ கொண்டு வரேன்னாங்க."

அவனுக்குக் கோபம் தணியவில்லை. வீட்டுக்குள் போனான். வாசல் மூலையில் ஓலைக்கூடை இருந்தது. திங்கட்கிழமை பஸ்ஸுக்காக அம்மா சனிக்கிழமை மாலையே கட்டி வைத்தது. மேலே குடை. அடியில் இடுக்கி, மீந்த கனெக்டர்கள், டேப் ஒட்டிய சுருள். பஸ் இதற்குள் இரண்டு திங்கட்கிழமை மேற்கே போய்த் திரும்பியிருந்தது. அவ்வளவு கூட்டம் வந்து போன வீட்டில் யாரும் கூடையை நகர்த்தவில்லை.

சுருளைக் கொண்டு வந்து உலிசெசேயின் முன்னால் நீட்டினான். அவர் கையை நீட்டவில்லை.

"எங்க மாட்டறதுன்னு எனக்குத் தெரியாது, தம்பி. நீங்கதான் கூட உட்கார்ந்து காட்டணும்" என்றார். "எனக்குப் புரியலை."