554-ஐ மூடிய ஒன்பது நாட்கள்

நெட்வொர்க் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. ஐபி முகவரி ஒரு தகவலை வீடு வரைதான் கொண்டுவந்து விடும். உள்ளே அது எந்தச் சேவைக்கு என்பதைச் சொல்வது போர்ட் எண். எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிக்குச் சாப்பாடு கொண்டுவருபவர் வீட்டு எண் தெரியாவிட்டால் கீழே செக்யூரிட்டி கார்டிடம் நிற்க வேண்டியதுதான். அதே கதை. இணையப் பக்கங்களுக்கு 443. என் மகளின் தொட்டிலுக்கு மேலிருந்த கேமராவுக்கு 554.

அப்பாவுக்காகத்தான் 554-ஐத் திறந்தேன். ஸ்ட்ரோக் வந்த பிறகு அவரால் பண்டமாரான் வீட்டிலிருந்து எங்களிடம் வர முடியவில்லை. கேமரா கம்பெனியின் ஆப்பை நான் நம்பவில்லை. ரவுட்டரில் அந்த ஒரு வழியைத் திறந்து, அவருடைய டேப்லட்டுக்கு நேராகப் படம் போகும்படி செய்தேன். தினமும் விளக்கு வைத்ததும் பேத்தியைப் பார்ப்பார். திரையில் தெரியும் நெற்றியில் திருநீறு பூசிவிடுவார். பேத்தி நேரில் இருந்தால் எப்படிப் பூசுவாரோ அப்படி.

ஒருநாள் ஆபீஸில் யாரோ போர்ட்டைத் திறந்துபோட்டதற்குக் காட்டுக் கத்தல் கத்தினேன். அதே சூட்டில் வீட்டுக்கு வந்து என் ரவுட்டரிலும் திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினேன். எது எதற்கு என்று பார்க்கவில்லை. பெரிய மேதாவி!

அப்பா போனில் எதுவும் சொல்லவில்லை. "சாப்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஒன்பதாம் நாள், சளி பிடித்திருந்த மகளைக் கணவரிடம் விட்டுவிட்டுப் பண்டமாரானுக்குப் போனேன். சாமி மேடையில் டேப்லட் இருந்தது. கறுத்த திரை, மூலையில் பொடி எழுத்தில் ஏதோ ஆங்கிலம். நடுவில் மட்டும் திருநீறு அப்பியிருந்தது.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அன்று மூடியவற்றில் 554-உம் ஒன்று.

"ஏம்ப்பா சொல்லல?"

"புள்ள தூங்குதுன்னு லைட்ட அடச்சிட்டீங்கன்னு நெனச்சேன் லா. எழுப்பிறக் கூடாதுன்னு மெதுவாதான் பூசுனேன்."

அழுதுகொண்டே லேப்டாப்பைத் திறந்து வீட்டு ரவுட்டருக்குள் போனேன். 554-ஐ மறுபடி திறந்தேன், இந்த முறை அப்பா வீட்டு முகவரிக்கு மட்டும். படம் வந்தது. மகள் விழித்துக்கொண்டு கால் விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

திரையைத் துடைக்கப் போன என் கையை அப்பா பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்மா, பாரு. நெத்தியிலதான் இருக்கு."